ஒயினே இல்லாத ஒயின்ஷாப்பு

ஆனைக்குட்டத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் எங்கள் சனங்கள் அன்றாடம் புழங்குகிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பட்டியல் போட்டால் பஸ், போன், ரேஷன், லோன், பீஸ் ரேட்டு இவற்றோடு முதல் வரிசையில் 'ஒயின்ஷாப்' வந்து நிற்கும். பேச்சில் 'ஒயிஞ்சாப்பு'. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத கிழவிக்கும் இந்த வார்த்தை தெரியும். நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். "அப்பா எங்கடா?" என்று கேட்டால், "ஒயிஞ்சாப்புக்குப் போயிருக்காக" என்று பிள்ளை சொல்லும். ஆனால் அங்கே போய் ஒயின் வாங்கிக் குடித்த ஆள் ஒருத்தரை எங்கள் தெருவில் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. கடைக்குள் மேல்தட்டில் ஒயின் என்று ஓரிரண்டு பாட்டில் இருக்கலாம். கேட்பாரில்லை. எங்கள் ஆட்கள் வாங்குவது பிராந்தி, ரம், விஸ்கி, வெயில் காலத்தில் பீர்.

ஒயினே விற்காத கடைக்கு ஒயின்ஷாப் என்ற பெயர் எப்படி வந்தது? இதை மொழியியல்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. குடியைப் பற்றி இந்த நாட்டில் பேசுகிறபோதெல்லாம் குடிகாரன் என்று கையை நீட்டுவது சேரியை நோக்கித்தான். ஆகவே குடியைச் சுட்டுகிற வார்த்தைகள் எங்கிருந்து வந்தன, யார் வைத்தார்கள், எந்தச் சட்டம் அவற்றை எங்கள் வாயில் திணித்தது என்று பார்க்க வேண்டிய கடமையும் நமக்குத்தான் இருக்கிறது.

முதலில் வார்த்தையின் வழியைப் பார்ப்போம். இங்கிலீஷ் 'ஒயின்' லத்தீன் மொழியின் 'வீனும்' என்பதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'ஓய்னோஸ்', எபிரேயத்தில் 'யாயின்', ஜார்ஜிய மொழியில் 'க்வினோ'. கருங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட நாடுகளில் திராட்சைக்கொடி வளர்ந்த இடமெல்லாம் இந்தச் சொல்லும் ஏதோ ஓர் உருவில் படர்ந்திருக்கிறது. எந்த மொழி எதனிடம் கடன் வாங்கியது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. ஜார்ஜியாவில் சுமார் 8,000 வருஷத்துக்கு முந்திய மண்பானை ஓடுகளில் திராட்சை மதுவின் எச்சத்தைக் கண்டுபிடித்து 2017-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய சரக்கு அது.

அந்தச் சரக்கு தமிழ்நாட்டுக்கு ஒன்றும் புதிதல்ல. யவனர் கப்பலில் வந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததை நக்கீரர் பாடியிருக்கிறார் (புறநானூறு 56). கிறிஸ்து பிறந்ததை ஒட்டிய நூற்றாண்டுகளில் ரோமாபுரிக் கப்பல்கள் இந்தக் கரைகளுக்கு வந்து போயின. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மது கொண்டுவந்த இரண்டு காதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நமக்குப் பக்கத்திலேயே, வைகை கடலில் கலக்கிற அழகன்குளத்திலும் அப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சரக்கு வந்தது, சாடி வந்தது, விற்றவனும் வந்தான். வார்த்தை மட்டும் வரவில்லை. சங்கப் பாட்டுகளில் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி என்று குடிக்கு இத்தனை பெயர் இருக்கிறது. வந்த அந்நியச் சரக்கையும் 'தேறல்' என்ற நம்முடைய பெயராலேயே கூப்பிட்டார்கள். கைவசம் இருந்த வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆக, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒயின் வந்தது, அதன் பெயர் வரவில்லை. நம்முடைய காலத்தில் பெயர் வந்திருக்கிறது, ஒயின் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

போர்ச்சுக்கீசியர் வந்தபோது இன்னொரு தடவை இந்த வார்த்தை கரையைத் தட்டியது. அவர்களுடைய 'வீஞ்யோ' என்ற சொல்லை மலையாளம் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் அங்கே 'வீஞ்ஞு' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ் அதே போர்ச்சுக்கீசியரிடம் சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் வாங்கியது. இந்தச் சொல் மட்டும் இங்கே ஒட்டவில்லை. திராட்சை என்பதுகூட வடமொழி 'திராட்சா'விலிருந்து வந்தது. பழைய தமிழில் அதற்குக் கொடிமுந்திரி, முந்திரிகை என்று பெயர். யாழ்ப்பாணத்தார் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சையைத்தான் நினைப்பார்கள். நம் பக்கம் முந்திரி என்றால் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த கொட்டைதான்.

சரி, உண்மையான ஒயினை எங்கள் சனம் வாயில் வைத்ததே இல்லையா? வைத்திருக்கிறது, கோயிலில். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் சி.எஸ்.ஐ. சபையிலும் கத்தோலிக்க சபையிலும் தலித் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. கோயிலில் நற்கருணை அன்றைக்கு ஒரு மடக்குக் கொடுப்பார்கள். அதை யாரும் 'ஒயின்' என்று சொல்வதில்லை. வேதப் புத்தகத்தில் அச்சானபடி 'திராட்சரசம்' என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, வருஷக்கணக்காகத் திருவிருந்து எடுத்தவர், அதற்கும் ஒயின்ஷாப்புக்கும் பேரளவில் சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னதும், "ஏலே, வாயக் கழுவு" என்று அதட்டிவிட்டார். திராட்சையிலிருந்து வந்தது ஒயின் இல்லை. கரும்பாலைக் கழிவிலிருந்து காய்ச்சியது ஒயின்ஷாப்பில் கிடைக்கிறது. எங்கள் தெருவின் அகராதி இப்படித்தான் இருக்கிறது.

அந்த ஒரு மடக்கிலும் சாதி வந்து உட்கார்ந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷன் காலத்திலிருந்தே உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கோயிலில் தனியாக உட்கார்ந்தார்கள், பாத்திரத்தில் முதலில் வாய் வைத்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை அடியோடு விட வேண்டும், திருவிருந்துக்கு எல்லாரும் வேறுபாடில்லாமல் வர வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். கடவுளின் ரத்தம் என்று நம்பிக் குடிக்கிற பாத்திரத்தில் எங்கள் உதடு பட்டால் தீட்டு! டீக்கடை இரட்டை டம்ளருக்கு எவ்வளவு நீண்ட வம்சாவளி இருக்கிறது பாருங்கள்.

இனி வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். குடியை வரிக்கணக்காக்கிய துறைக்குப் பெயர் ஆப்காரி. பாரசீகச் சொல். 'ஆப்' என்றால் தண்ணீர், 'கார்' என்றால் வேலை. தண்ணி வேலை! எங்கள் ஊரில் 'தண்ணி போட்டிருக்கான்' என்று சொல்வதற்கும் சர்க்கார் துறையின் பேருக்கும் இப்படி ஓர் ஒற்றுமை. இத்தனைக்கும் ஆனைக்குட்டத்தில் தண்ணி என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அர்ச்சுனா நதியில் கட்டிய அணை. விருதுநகருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற அணை அது. அதே ஊரில் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் 'தண்ணி' என்றால் வேற தண்ணி.

1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் காய்ச்ச, இறக்க, விற்க ஏலம், லைசென்ஸ், வரி. இந்தக் கணக்கில் குடி இரண்டு சாதியாகப் பிரிந்தது. ஒன்று 'நாட்டுச் சரக்கு': கள், சாராயம். இன்னொன்று 'சீமைச் சரக்கு': பிராந்தி, விஸ்கி, ஒயின். நாட்டுச் சரக்கை ஏலக்காரன் ஊருக்கு வெளியே குடிசையில் விற்றான். சீமைச் சரக்கு கண்டோன்மெண்டுப் பக்கத்தில், துரைமார் வந்து போகிற கடையில், ஒயின் வியாபாரி என்ற கண்ணியமான போர்டின் கீழ் விற்றது. ஒயின் என்ற வார்த்தை நம் நாட்டில் கால் வைத்தது இந்த மரியாதையோடுதான். சாராயக்கடைக்குப் போகிறவன் குடிகாரன். ஒயின் கடைக்குப் போகிறவர் துரை.

மதுவிலக்கு வந்தபோதும் இந்தப் பிரிவினை ஒழியவில்லை. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அந்தக் காலத்தில் வசதி படைத்தவர்களுக்கு 'பர்மிட்' இருந்தது. உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சீட்டு வாங்கி, சட்டப்படி சீமைச் சரக்கு குடிக்கலாம். பர்மிட் இல்லாதவன் குடித்தால் அதற்குப் பெயர் கள்ளச்சாராயம். இந்தக் 'கள்ள' என்பது கள்ளம், திருட்டு. பனைமரத்துக் கள்ளுக்கும் இதற்கும் உறவில்லை. காடு கரைகளில் ஊறல் போட்டவனையும் குடித்தவனையும் போலீஸ் துரத்தியது. எங்கள் தாத்தன் தலைமுறையில் சேரிக்குள் போலீஸ் நுழைவதற்கு இதைவிட வசதியான காரணம் வேறு இருந்ததில்லை. ஊறலைத் தேடுகிறோம் என்று குடிசை குடிசையாகப் பானையை உடைத்துவிட்டுப் போவார்களாம். சோத்துப் பானையும் சேர்ந்துதான் உடையும்.

அப்புறம் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-இல் மறுபடி கடையை மூடினார்கள். 1981-இல் கள்ளும் சாராயமும் திரும்ப வந்தன. 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தை உண்டாக்கி, பாட்டில் சரக்கின் மொத்த வியாபாரத்தைக் கையில் எடுத்தது. டாஸ்மாக் என்பது அதன் இங்கிலீஷ் பேரின் சுருக்கம். 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990-இல் மலிவு விலை மது. 1991-இல் ஜெயலலிதா அரசு அதை மூடியது. இந்தக் கண்ணாமூச்சியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1987-இலும் 1991-இலும் மூடியது 'நாட்டுச் சரக்கு'க் கடைகளை. பாட்டில் சரக்குக் கடைகள் மூடவில்லை. அவை தனியார் லைசென்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி பேரையோ சாமி பேரையோ போட்டுப் பின்னால் 'ஒயின்ஸ்' என்று போர்டு வைத்திருந்தார்கள். துரை காலத்துக் கண்ணியத்தின் மிச்சம் அந்த வால்.

சாராயக்கடையில் நின்றுகொண்டிருந்த கூட்டம் முழுவதும் இந்த ஒயின்ஸ் வாசலுக்குத் தள்ளப்பட்டது. ருசி மாறி யாரும் போகவில்லை. வேறு கடை இல்லை, போனார்கள். 'ஒயின்ஷாப்' என்ற துரைமார் வார்த்தை விருதுநகர், சிவகாசிப் பட்டிக்காடு வரைக்கும் இறங்கி வந்தது இப்படித்தான் என்பது என் கணிப்பு. எங்கள் ஊரில் ஐம்பது வயசைத் தாண்டினவர்களிடம் கேட்டால் வார்த்தை மாறிய காலத்தை அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்வார்கள். "எங்க அய்யா சாராயக்கடைக்குப் போவாரு. எங்க வீட்டுக்காரரு பிராந்திக்கடைக்குப் போனாரு. எம் மகன் ஒயிஞ்சாப்புக்குப் போறான். பேரு மாறுச்சே ஒழிய வீட்டுக்கு வாரது ஒரே நாத்தந்தேன்." எங்கள் தெருச் சின்னம்மா சொன்னது. மூணு தலைமுறைக் கலால் கொள்கையை மூணே வரியில் சொல்லிவிட்டார்.

பிராந்திக்குள்ளும் ஒயின் ஒளிந்திருக்கிறது. டச்சுக்காரர்களின் 'பிராண்டவைன்' என்ற சொல்லின் குறுக்கம்தான் பிராந்தி. எரித்துக் காய்ச்சிய ஒயின் என்று அர்த்தம். திராட்சை மதுவை வடித்தால்தான் பிராந்தி. நமக்குக் கிடைக்கிற மலிவுப் பிராந்தியின் சாராம்சமோ சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராவி, அதோடு நிறமும் வாசனையும். சர்க்கார் இதற்கு 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுபானம்' என்று பெயர் வைத்திருக்கிறது. இந்தியாவில் தயாரித்தது எப்படி அயல்நாட்டுச் சரக்காகும்? நாட்டுச் சரக்கு, சீமைச் சரக்கு என்ற வெள்ளைக்காரன் வருணப் பிரிவினையைக் கைவிட மனமில்லாமல் வைத்த பெயர். சாராயம் என்று உள்ளதைச் சொன்னால் கௌரவம் போய்விடும், விலையும் குறைந்துவிடும்.

திராட்சை நமக்குத் தூரமும் இல்லை. மேற்கே மலையைச் சுற்றிக்கொண்டு போனால் கம்பம் பள்ளத்தாக்கு. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற பன்னீர்த் திராட்சை அங்கே கொடிகொடியாகத் தொங்குகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பழம் எங்களுக்கு வருவது தள்ளுவண்டியில், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறபோது அரைக்கிலோ. ஒயின்ஷாப்பில் குடித்து ஈரல் கெட்டுப் படுத்திருப்பவருக்கு நாம் வாங்கிக்கொண்டு போவது திராட்சை!

2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. தனியார் போர்டுகள் இறங்கின. 'அரசு மதுபானக் கடை' என்று பச்சையாக எழுதிய போர்டுகள் ஏறின. அதற்காகத் திருத்திய சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் சர்க்கார் மது விற்கிறது. கவனிக்கிற துறைக்கும் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை' என்றுதான் பெயர். 2023 ஜூனில் இருந்த 5,329 கடைகளில் 500-ஐ மூடினார்கள். ஆனால் வருமானம் குறையவில்லை. 2024-25-இல் இந்தக் கடைகளால் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனைக்குப் பிறகும் சனங்களின் வாயில் அது 'ஒயிஞ்சாப்பு'தான். படித்த பையன்கள் டாஸ்மாக் என்கிறார்கள். பெண்கள் பெரும்பாலும் ஒயிஞ்சாப்பு என்கிறார்கள், அல்லது பேரே சொல்லாமல் 'கடை' என்கிறார்கள். "கடைக்குப் போயிட்டாரா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டால் அது மளிகைக்கடை இல்லை என்று இருவருக்கும் தெரியும். அளவுக்கும் தனி அகராதி உண்டு. 180 மில்லி குவார்ட்டர். 375 ஆஃப். 750 ஃபுல். இரண்டு பேர் காசு போட்டு ஒரு குவார்ட்டரைப் பிரித்தால் கட்டிங். பள்ளிக்கூடத்தில் பின்னம் ஏறாத பையனுக்கும் கால், அரை, முழுசு இங்கே தப்பாது.

பட்டாசுக் காட்டில் இன்னொரு வார்த்தை உண்டு: 'மருந்து'. ஆலைக்குள் மருந்து என்றால் வெடிமருந்து. மருந்து கலக்குகிறவர், மருந்து செலுத்துகிறவர், மணி மருந்து உருட்டுகிறவர் என்று ஆட்களுக்கே அந்தப் பெயர்தான். சாயங்காலம் ஆனால் மருந்து என்றால் குடி. "மருந்து சாப்ட்டாத்தேன் ஒறக்கம் வரும்" என்பார்கள். பகலெல்லாம் அலுமினியப் பவுடரும் கந்தகமும் மூக்கில் ஏறி, ஒரு உராய்வில் உயிர் போகும் என்ற பயத்தோடு குத்தவைத்து வேலை செய்தவன், அந்தப் பயத்தை இறக்கிவைக்கப் போகிற இடம் அது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் கருகிச் செத்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. மறக்க முடியாததை மறக்கத்தான் இந்த மருந்து. சனிக்கிழமை சம்பளம். சம்பளத்தில் முன்பணம் பிடித்தது போக மீதி கைக்கு வருகிறது. அந்தக் கையிலிருந்து அது சர்க்கார் கல்லாவுக்குப் போகும் தூரம் வீட்டுக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு. இங்கிலீஷ்காரன் சாராயத்துக்குச் சொல்கிற 'அராக்' அரபு மொழியிலிருந்து வந்தது, மூல அர்த்தம் வியர்வை. எங்கள் ஆட்கள் வியர்வையைக் கொடுத்து வியர்வையை வாங்கிக் குடிக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னவுடன் சிலர் பதில் வைத்திருப்பார்கள்: "உங்காளுங்க குடிக்கிறதாலதானே முன்னேற மாட்டேங்கிறாங்க." இதை நான் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், முற்போக்குக் கூட்டத்தின் டீ இடைவேளையிலும் கேட்டிருக்கிறேன். குடி எங்கள் ரத்தத்தில் ஊறியது போலப் பேசுகிறார்கள். ஊற்றிக் கொடுத்தது யார் என்று கேட்பதில்லை. இழவு வீட்டில் பறை அடிக்க வருகிறவனுக்குக் கூலியில் பாதி சாராயம். குழி வெட்டுகிறவனுக்குச் சாராயம். செத்த மாட்டை இழுக்கச் சாராயம். மலக்குழிக்குள் இறங்குகிறவனுக்கு இறங்கும் முன்னால் ஒரு குவார்ட்டர், அந்த நாற்றத்தைத் தாங்க. தெளிந்த புத்தியோடு ஒருத்தன் செய்ய மறுக்கிற வேலையைச் செய்ய வைக்கக் கொடுத்த கூலிக்குப் பெயர் சாராயம். கொடுத்தவன் கௌரவமாக இருக்கிறான். வாங்கியவன் குடிகாரனாகிவிட்டான். அதே கொடுத்தவன் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது மட்டும் 'டிரிங்க்ஸ்'. வார்த்தையில்கூடத் தீண்டாமை இருக்கிறது, தோழர்களே.

இன்னொரு வாதமும் உண்டு. "ஒயின்ஷாப்பிலதான் சாதி கிடையாது, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து குடிக்கிறாங்க." டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த எங்கள் பெரியவர்களுக்கே இதில் ஒரு மயக்கம் இருந்தது. பார்த்தால் சரிபோலத்தான் இருக்கும். கம்பிக்குள் இருக்கும் கை யார் காசையும் வாங்கும். பிளாஸ்டிக் டம்ளரைக் குடித்ததும் நசுக்கிப் போட்டுவிடுவதால் யார் எச்சில் என்ற கேள்வியும் இல்லை. ஆனால் அந்த டம்ளரைப் பொறுக்குகிறவன் யார், வாந்தியைக் கழுவுகிறவன் யார் என்று பாருங்கள். இரண்டாவது ரவுண்டில் யார் வாயிலிருந்து யாருடைய சாதிப் பெயர் வசவாக வருகிறது என்று கேளுங்கள். அடிதடி நடந்து வழக்கு என்று வந்தால் அது 'குடிபோதைத் தகராறு' ஆகிவிடுகிறது. சாதியைச் சொல்லி அடித்தான் என்ற உண்மையை அந்த ஒரு வார்த்தை கழுவிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலிருந்து தப்பிக்க இவ்வளவு சுலபமான சொல் கிடைத்தால் யார் விடுவார்கள்?

குடியை எதிர்ப்பதை வேறு யாரும் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1907-இல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையில் அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை முன்வைத்துக் குடியைக் கண்டித்து எழுதினார். இரட்டைமலை சீனிவாசன் 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது மதுக்கடைகளுக்கு எதிராகப் பேசியவர். அண்ணல் அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் 1951-இல் வெளியிட்ட தேர்தல் அறிக்கை மதுவிலக்கை அரசின் கொள்கையாக ஏற்கவில்லை. வருமானத்தை இழந்து கல்விக்குக் காசில்லாமல் போவதை அது எதிர்த்தது. அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் மக்களுக்குச் செய்துவைத்த 22 உறுதிமொழிகளில் 'மது அருந்த மாட்டேன்' என்பதும் ஒன்று. இரண்டும் முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. போலீஸைச் சேரிக்குள் அனுப்புகிற மதுவிலக்கு வேறு, தன்மானத்தால் நாமே விடுகிற குடி வேறு. முதலாவது சர்க்காரின் அதிகாரம். இரண்டாவது நம்முடைய விடுதலை. அந்த வருமானத்தைக் கல்விக்குக் கேட்டார் அம்பேத்கர். 48,000 கோடியில் எங்கள் பிள்ளைகளின் விடுதிக் கூரைக்கு எவ்வளவு வந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

1992-இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் சாராயக்கடையை மூட வைத்தார்கள். எழுத்தறிவு வகுப்பில் ஆரம்பித்த பேச்சு மாநிலத்தையே ஆட்டியது. இங்கே 2017-இல் உச்சநீதிமன்றம் சொல்லி நெடுஞ்சாலைக் கடைகளை மூடியபோது, அவற்றை ஊருக்குள் கொண்டுவர முயன்றார்கள். தமிழ்நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் தலித்துகள், கூலிகள். ஒயின்ஷாப்பில் குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவர்கள் பாக்கெட்டுச் சாராயத்துக்குப் போனார்கள். நாட்டுச் சரக்கு, சீமைச் சரக்கு என்ற அந்தப் பழைய கோடு இன்றைக்கும் பிணங்களுக்கு நடுவில் ஓடுகிறது.

கடைசியாக வார்த்தைக்கே வருகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நான் மனு எழுதிக் கொடுப்பதுண்டு. ஒருமுறை, வீடுகளுக்கு நடுவே கடை வேண்டாம் என்று ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதியபோது, அவர்கள் சொன்னபடி 'ஒயின்ஷாப்' என்றே எழுதினேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஒயின்ஷாப்னு ஒண்ணு இப்ப கெடையாதே, யாரு மேல மனு குடுக்கிறீங்க?" என்றார். கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் ஓர் உண்மை இருந்தது. ஒயின்ஷாப் என்று சொல்கிறவரை அது எவனோ ஒரு முதலாளி கடை. அவனிடம் சண்டை போடலாம், கல்லெறியலாம், கெஞ்சலாம். சர்க்கார் பின்னால் மறைந்துகொள்ளும். 2003-க்குப் பிறகு கடைக்காரன் மாறிவிட்டான், நம் வாயில் உள்ள பெயர் மாறவில்லை. இப்போது அந்தப் பழைய பெயரால் லாபம் சர்க்காருக்குத்தான்.

கூட்டத்தில் இருந்த ஒரு மதினி அந்த இடத்திலேயே பதில் சொன்னார்: "அப்பக் கவருமெண்டுக் கடைன்னு எழுதுங்க தம்பி. ரேசன் கடையும் கவருமெண்டுக் கடை, இதுவும் கவருமெண்டுக் கடை. அங்க அரிசி எடை கொறையுது, இங்க புருசன் எடை கொறையுறான். ரெண்டுக்கும் ஒரே ஆளுதானே பதில் சொல்லணும்?"

மனுவைத் திருத்தி எழுதினோம். யவனர் காலத்தில் வந்த சரக்குக்கு நம் முன்னோர் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். இந்தச் சரக்குக்கும் கடைக்கும் நாம் பெயர் வைக்க வேண்டிய காலம் இது. கிராமசபைத் தீர்மானத்தில், மனுவில், மேடையில், பாட்டில், வீட்டுச் சண்டையில் எல்லாம் அதை அரசுச் சாராயக்கடை என்றே சொல்லிப் பழகுவோம். விற்கிறவன் பெயர் அதில் இருக்கிறது, விற்கிற பொருளின் பெயரும் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவன் யார் என்பது அந்தப் பெயரிலேயே தெரியட்டும்.